சென்னையிலிருந்து முதுமலைக்குக் காரில்: பாட்டி, இரண்டு பிள்ளைகள், எந்த வழி நல்லது?

திருவான்மியூர்_வித்யா

எல்லாருக்கும் வணக்கம். காலாண்டு விடுமுறையில் முதுமலை போகலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கார் ஆட்டோமேட்டிக். நான், கணவர், மாமியார், மகள் (ஆறாம் வகுப்பு), மகன் (ஒன்றாம் வகுப்பு). மாமியாருக்கு மூட்டு வலி, சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. மகனுக்கு மலைப்பாதை என்றாலே வாந்தி.

கணவர் போட்டிருக்கும் கணக்கு இது: வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து வந்து இரவு 9 மணிக்குக் கிளம்புவது, விடிய விடிய ஓட்டி சேலம், மேட்டுப்பாளையம் வழியாகக் காலையில் ஊட்டி. அங்கே டிபன் முடித்துவிட்டு கல்லட்டி வழியாக மசினகுடி இறங்குவது. மேப்பில் பார்த்தால் ஊட்டியிலிருந்து முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர்தான் காட்டுகிறது.

மாமியாருக்குத் தெப்பக்காடு முகாம் யானைகளைப் பார்க்க வேண்டும். அங்கே யானைக்குட்டி வளர்த்த பாகன் தம்பதி பொம்மன், பெள்ளி பற்றி டிவியில் பார்த்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். மகனுக்குப் புலி. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், இந்தத் திட்டம் சரிவருமா?

சேலம்_செந்தில்

வணக்கங்க. எங்க ஊர் வழியா வர்றீங்கன்னதும் சந்தோஷம். சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் ரோடு பத்திக் கவலையே வேண்டாம். அங்கிருந்து சேலம் வர்ற ரோட்டுலதான் கவனம் வேணும். ஆத்தூர், வாழப்பாடி பக்கம் நாலு வழிச்சாலை திடீர்னு ரெண்டு வழியா சுருங்குற புறவழிச்சாலைகள் விபத்துக்குப் பேர்போனவை. ராத்திரியில எதிர்ல வர்ற லாரி ஹெட்லைட் கண்ணைக் கூசும். நாள் முழுக்க ஆபீஸ்ல வேலை பார்த்துட்டு அந்த ரோட்டை நடுராத்திரியில ஓட்டுறது, அதுவும் குழந்தைங்க, பெரியவங்களை வெச்சுக்கிட்டு, வேண்டாங்க. விடியக்காலை 4 மணிக்குக் கிளம்புங்க. ஆத்தூர்ல டிபன், அவிநாசியில மதியச் சாப்பாடு, சாயங்காலம் குன்னூர். அங்கேயே தங்கிட்டு மறுநாள் முதுமலை.

குன்னூர் மலைப்பாதையில கல்லாறு தாண்டினதும் கொண்டை ஊசி வளைவு வந்துடும், மொத்தம் 14. பையனை முன்னாடி சீட்டுல உட்கார வைக்காதீங்க. பின்சீட்டு நடுவுல, கண்ணாடி வழியா நேரா ரோடு தெரியுற மாதிரி உட்கார வைங்க. செல்போன் கையில கொடுக்கவே கூடாது.

கூடலூர்_தேயிலை

அக்கா, எங்க வீட்டிலிருந்து முதுமலை எல்லை கூப்பிடு தூரம்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். உங்கள் கணவர் போட்ட திட்டத்தில் கல்லட்டியை முதலில் அடித்துவிடுங்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாகக் கீழே இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. தலைகுந்தாவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மசினகுடியிலிருந்து மேலே ஏறலாம், இறங்கத்தான் முடியாது. மேப் இதையெல்லாம் சொல்லாது.

காரணமில்லாமல் தடுக்கவில்லை. 36 கொண்டை ஊசி வளைவு, அத்தனையும் செங்குத்து. பழக்கமில்லாதவர்கள் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார்கள். பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும், அதற்குப் பிறகு மிதித்தும் பயனில்லை. 2018-ல் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் அந்தப் பள்ளத்தில் விழுந்து இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள். ஊர் மறக்கவில்லை.

ஊட்டி வழியாகத்தான் என்றால் பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தொரப்பள்ளி, தெப்பக்காடு என்று வர வேண்டும். ரோடு அகலம், காட்சியும் அருமை, ஆனால் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இறக்கத்திலும் உங்கள் ஆட்டோமேட்டிக் வண்டியை D-யில் விடாமல் L அல்லது மேனுவலில் போட்டு, இஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி ஓட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆன்லைனில் கட்டணமில்லாமல் கிடைக்கும். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் சோதனைச்சாவடியிலேயே பறிமுதலாகும். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில்கள் கொண்டுவாருங்கள்.

மைசூர்த்தமிழ்

நான் வேறு மாதிரி சொல்வேன். உங்களுக்கு ஊட்டி முக்கியமா, முதுமலை முக்கியமா? முதுமலைதான் என்றால் மலையே ஏற வேண்டாம். வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக வந்து, பெங்களூரு நகரத்துக்குள் நுழையாமல் நைஸ் ரோடு பிடித்து, மைசூரு விரைவுச்சாலை. பிறகு நஞ்சன்கூடு, குண்டல்பேட், பந்திப்பூர், கக்கநல்லா சோதனைச்சாவடி, தெப்பக்காடு. கடைசி வரைக்கும் கொண்டை ஊசி வளைவு கிடையாது. உங்கள் மகனுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தூரமும் ஊட்டி சுற்றி வருவதைவிடக் கொஞ்சம் குறைவுதான், 600-க்குள் முடியும்.

ஆனால் இந்த வழியில் கடிகாரம் பார்த்துத்தான் வர வேண்டும். குண்டல்பேட்டிலிருந்து பந்திப்பூர் காட்டுக்குள் போகும் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். 2009-லிருந்து இப்படித்தான். ராத்திரியில் லாரியிலும் காரிலும் அடிபட்டு மானும் சிறுத்தையும் செத்துக்கொண்டிருந்ததால் வந்த தடை. 9 மணிக்கு ஐந்து நிமிடம் கழித்துப் போய் நின்று கெஞ்சினாலும் கேட் திறக்காது, திறக்கவும் கூடாது.

ஒரே நாளில் சென்னையிலிருந்து முதுமலை வரை ஓட்டி, இருட்டுகிற நேரத்தில் பந்திப்பூருக்குள் நுழைவது மிக மோசமான திட்டம். யானை சாலையைக் கடக்கிற நேரமே அதுதான். முதல் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூரு பக்கம் தங்கிவிட்டு மறுநாள் காலை வெயிலில் காட்டுக்குள் போங்கள்.

விடுமுறையில் தசரா விழுகிறதா பாருங்கள். விழுந்தால் மைசூரு நகருக்குள் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும், அரண்மனையைச் சுற்றி வண்டி நகராது. அப்போது நஞ்சன்கூட்டில் தங்குங்கள். கபிலா ஆற்றங்கரையில் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில், அம்மாவுக்கும் பிடிக்கும். நஞ்சன்கூடு ரசவாழைப்பழம் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

சேலம்_செந்தில்

@மைசூர்த்தமிழ் பெங்களூரு ட்ராஃபிக்கைக் கணக்குல எடுத்தீங்களாங்க? அத்திப்பள்ளியிலயும் எலக்ட்ரானிக் சிட்டியிலயும் நிக்கிற நேரத்துல நாங்க அவிநாசி தாண்டிடுவோம். டோலும் அந்தப் பக்கம் அதிகம்.

மைசூர்த்தமிழ்

@சேலம்_செந்தில் உண்மைதான், மறுக்கவில்லை. டோல் அதிகம், ஓசூர் தாண்டினால் நெரிசல். அதனால்தான் விடியக்காலையில் கிளம்ப வேண்டும். சனிக்கிழமை முன்பகலில் நைஸ் ரோடு ஏறிவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் மூட்டு வலிக்காரர், வாந்தி எடுக்கிற பையன் இரண்டு பேரையும் வைத்துப் பாருங்கள். நேரான சாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காருவதா, குன்னூர் ஏறி நடுவட்டம் இறங்குவதா?

திருவான்மியூர்_வித்யா

இத்தனை விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. கணவரிடம் கல்லட்டி விஷயத்தைப் படித்துக் காட்டினேன். இரவுப் பயணத்தை விட்டுவிடச் சம்மதித்துவிட்டார். மைசூரு வழி என்றே முடிவு செய்கிறோம், போகும்போதாவது.

அடுத்து தங்குமிடம். அவருடைய அலுவலக நண்பர் ஒருவர் மசினகுடியிலிருந்து உள்ளே தள்ளி ஓர் இடம் சொல்கிறார். ராத்திரி ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப்போவார்களாம், வாசலிலேயே நெருப்பு மூட்டிச் சாப்பாடாம். பிள்ளைகள் குதிக்கிறார்கள். எனக்குத்தான் ஏதோ உறுத்துகிறது.

கூடலூர்_தேயிலை

உங்களுக்கு உறுத்துவது நியாயம் அக்கா. வேண்டவே வேண்டாம்.

முதலில் ராத்திரி ஜீப். காட்டுக்குள் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போக வனத்துறை வண்டிக்கு மட்டும்தான் அனுமதி, அதுவும் பகலில். தனியார் ஜீப்பில் ராத்திரி போவது சட்டவிரோதம். பிடிபட்டால் வழக்கு. பிடிபடாவிட்டாலும், இருட்டில் குட்டியோடு நிற்கிற யானை முகத்தில் விளக்கடித்து எழுப்பிவிட்டு வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மசினகுடியைச் சுற்றி இருப்பது சீகூர் பீடபூமி. தெற்கே நீலகிரி மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. வடக்கே மாயாறு வெட்டிய ஆழமான பள்ளத்தாக்கு. யானை இரண்டிலும் ஏறி இறங்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே அது நடக்க மிச்சமிருப்பது இந்த ஒடுக்கமான சமவெளி மட்டும்தான். அந்த வழியில்தான் ரிசார்ட்டும் மின்வேலியும் வந்து உட்கார்ந்தன. 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் பல ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14-ல் யானை வழித்தட அறிவிப்பு செல்லும் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்த ஜனவரியில் மசினகுடியில் தங்குமிடம் ஒன்றின் பக்கம் வந்த யானை மேல் எரிகிற துணியை வீசினார்கள். காது வெந்து, அந்த யானை செத்துப்போனது. அதை ஏற்றிய லாரி கிளம்பும்போது தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு வனக்காவலர் ஒருவர் அழுத வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தெப்பக்காட்டிலேயே வனத்துறை விடுதிகள் இருக்கின்றன. புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம், விடுமுறை என்றால் சீக்கிரம் செய்ய வேண்டும். வசதி எளிமைதான், ஆனால் ராத்திரி மாயாற்றுச் சத்தம் கேட்கும். அது கிடைக்காவிட்டால் கூடலூர் டவுனில் தங்கிவிட்டு வாருங்கள், தெப்பக்காடு 20 கிலோமீட்டருக்குள்தான். டவுனில் ஆஸ்பத்திரியும் மருந்துக்கடையும் பக்கத்திலேயே இருப்பதால் பாட்டிக்கும் நல்லது.

இரண்டு_பிள்ளை_அம்மா

வித்யா, நாங்களும் சென்னைதான், இதே மைசூரு வழியில் குழந்தைகளோடு போய் வந்தோம். பெண்களுக்கு வேண்டிய விவரத்தை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். காட்டுச் சாலையில் கழிப்பறைக்கு நிறுத்தவே முடியாது. குண்டல்பேட்டில் எல்லாரையும் இறக்கி, போக வைத்து, பெட்ரோலும் அங்கேயே நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள். சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும், வேண்டிய அனுமதி, முன்பதிவு எல்லாவற்றையும் போனில் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு பிரதி பேப்பரிலும்.

மாமியாருக்காக ஒவ்வொரு ஒன்றரை மணி நேரத்துக்கும் ஒரு நிறுத்தம் என்று முன்பே பேசி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓட்டுகிறவர் "இன்னும் கொஞ்ச தூரம்" என்பார், வயதானவர்கள் "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்பார்கள். ராத்திரி கால் வீங்கியிருக்கும். நாங்கள் வாலாஜா, ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நிறுத்தினோம். ஆம்பூரில் காலை நேரத்தில் பிரியாணி கிடைக்காது என்று நினைக்காதீர்கள், முன்பகலிலேயே தம் உடைத்துவிடுகிறார்கள். சின்னவனுக்கு மட்டும் வேண்டாம். இட்லியும் எலுமிச்சையும் போதும். வாந்தி மாத்திரை கொடுப்பதென்றால் அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

விரைவுச்சாலை மத்தூர் ஊருக்குள் போகாது. மத்தூர் வடை வேண்டுமானால் பழைய சாலையில் இறங்க வேண்டும். நாங்கள் இறங்கினோம். வெங்காயம் மணக்க, மொறுமொறுவென்று. அந்தக் கடைக்காரர்கள் புதுச் சாலை வந்தபிறகு வியாபாரம் படுத்துவிட்டது என்றார்கள். முடிந்தால் இறங்கிச் சாப்பிட்டுவிட்டே போங்கள்.

பாறுநேசன்

தங்கள் மகன் புலி பார்க்க வேண்டும் என்கிறான் அல்லவா, அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதுமலையில் புலி நிறைய இருக்கிறது. ஆனால் வனத்துறை வேனில் ஒரு சுற்றுப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. வழியெல்லாம் உண்ணிச்செடிப் புதர் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது, பத்தடி உள்ளே புலி படுத்திருந்தாலும் தெரியாது. "புலி காட்டுகிறோம்" என்று சொல்லிக் கூட்டிப்போனால் பிள்ளை அழுதுகொண்டே திரும்புவான். அதனால் கிளம்பும் முன்பே வேறொரு பட்டியலைக் கையில் கொடுங்கள்.

தெப்பக்காட்டில் வண்டியை விட்டு இறங்கியதும் தலைக்கு மேலே பாருங்கள். செம்பழுப்பும் கறுப்புமாக, உடம்பைவிட நீளமான வாலோடு மலையணில் கிளைக்குக் கிளை தாவும். அவ்வளவு பெரிய அணிலை உங்கள் மகன் இதுவரை பார்த்திருக்க மாட்டான். காட்டுமாடு நிற்கும். கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை. செந்நாய்க் கூட்டம் கிடைத்தால் அதிர்ஷ்டம், புலியைவிட அரிய காட்சி என்றே நான் சொல்வேன். மான்கள் ஒரே திசையில் காதை விறைத்து நின்று கூப்பிட்டால் வேனில் எல்லாரும் பேச்சை நிறுத்த வேண்டும், ஏதோ பக்கத்தில் இருக்கிறது.

பிறகு வானம். மசினகுடி, மாயாறு பக்கம் உயரத்தில் சிறகை அசைக்காமல் வட்டமிடும் பெரிய பறவை பாறு கழுகாக இருக்கலாம். தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறு பெரிய எண்ணிக்கையில் கூடு கட்டுவது இந்தப் பகுதியில்தான், ஓடைக்கரை நீர்மத்தி மரங்களில். இந்தியா முழுக்க லட்சக்கணக்கில் இருந்த பறவை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, கூட்டம் கூட்டமாக அழித்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-ல் தடை செய்தார்கள். காட்டுக்குள் செத்த விலங்கைத் தின்று தப்பிப் பிழைத்தவை இங்கே இருக்கின்றன. ஆறாம் வகுப்பு மகளுக்கு இதைச் சொல்லுங்கள், புரியும். ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள், விலை மலிவானதே போதும்.

காட்டுச் சாலையில் கார் கண்ணாடியை இறக்கிக் குரங்குக்கும் மானுக்கும் பிஸ்கட் நீட்டவே கூடாது. அபராதம் இருக்கிறது. அதைவிட, சாலையோரம் காத்திருக்கப் பழகிய குரங்கு ஒருநாள் வண்டியில் அடிபடும்.

திருவான்மியூர்_வித்யா

@பாறுநேசன் ஐயா, மகளிடம் படித்துக் காட்டினேன், இப்போதே நோட்டில் பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டாள். மகன் மலையணில் படம் வரைந்து கேட்கிறான்.

இரண்டு சந்தேகம். யானை முகாமுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்? பொம்மன், பெள்ளியைப் பார்க்க முடியுமா என்று மாமியார் கேட்கிறார். திரும்பி வரும்போது வந்த வழியே வராமல் வேறு வழி இருக்கிறதா?

கூடலூர்_தேயிலை

முகாமில் காலை 8.30 வாக்கிலும் மாலை 5.30 வாக்கிலும் யானைகளுக்குத் தீனி கொடுப்பதைப் பார்க்கலாம். நஞ்சன்கூட்டிலிருந்து வருகிறவர்கள் காலை வேளைக்கு அடித்துப் பிடித்து வர வேண்டாம், மாலைக்கு நிதானமாகப் போங்கள். ராகியும் கொள்ளும் சோறும் வெல்லமும் சேர்த்துப் பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து, பாகன்கள் நேராக வாய்க்குள் ஊட்டுவார்கள். ஒவ்வொரு யானைக்கும் அளவு எழுதி வைத்திருப்பார்கள், வயதுக்கும் உடம்புக்கும் தகுந்த மாதிரி. கும்கிகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டாலே பாட்டிக்கு நிறைவாக இருக்கும்.

பொம்மன், பெள்ளி வீட்டைத் தேடிப் போக வேண்டாம் அக்கா. அவர்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் வந்தபிறகு அவர்களைப் படமெடுக்க வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமில்லை. எதிரே பார்த்தால் கும்பிடலாம், அவ்வளவுதான். அதே வேலையை ஊர் அறியாமல் செய்துகொண்டிருக்கும் காட்டுநாயக்கர், குறும்பர் வீட்டுப் பாகன்களும் காவடிகளும் (உதவிப் பாகன்கள்) முகாமில் நிறையப் பேர். பாட்டியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: அவர்கள் வளர்த்த ரகு, தேன்கனிக்கோட்டைக் காட்டிலிருந்து வந்த குட்டி. ஓசூர் தாண்டும்போது அந்தக் காடு பக்கத்தில்தான் இருக்கும்.

சத்திக்காரன்

திரும்ப வர்றதுக்கு எங்க ஊர் வழி இருக்குதுங்க. தெப்பக்காடு, குண்டல்பேட், சாமராஜநகர், ஆசனூர், திம்பம், சத்தியமங்கலம், பவானி, சேலம், சென்னை. ஒரு காட்டை விட்டு இன்னொரு காட்டுக்குள்ள நுழையுறீங்க, சத்தியமங்கலமும் புலிகள் காப்பகம்தான். பெங்களூரு பக்கமே போக வேண்டியதில்லை.

திம்பத்துல 27 கொண்டை ஊசி, இறக்கம். பையனுக்கு அந்த அரைமணி நேரம் கஷ்டமா இருக்கும். கீழ வந்ததும் பண்ணாரி அம்மன் கோயில், இறங்கி முகம் கழுவிட்டுக் கும்பிட்டுட்டு வாங்க. இங்கயும் ராத்திரி தடை இருக்குது, 9 மணியிலிருந்து 6 மணி வரைக்கும் கார் போக முடியாது. காலையில 10 மணிக்குத் தெப்பக்காட்டை விட்டுட்டா மதியம் சத்தி வந்துடலாம். அன்னைக்கே சென்னைன்னு நினைக்காதீங்க. ஈரோட்டுலயோ சேலத்துலயோ ராத்திரி தங்குங்க.

ஆசனூருக்கு முன்னாடி காரப்பள்ளம் சோதனைச்சாவடி பக்கம் கவனமா வரச் சொல்லுங்க. கரும்பு லாரி வர்ற ரோடு அது. யானைங்க ரோட்டோரமே நின்னு லாரியை மறிச்சுக் கரும்பு எடுத்துப் பழகிருச்சு. முன்னாடி வண்டிங்க நின்னா ஓவர்டேக் பண்ணிக்கிட்டு போகக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. நல்ல தூரம் விட்டு நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு உள்ளயே உட்கார்ந்திருங்க. அது தின்னுட்டுத் தானா போயிரும். படம் எடுக்க யாரும் கீழ இறங்கக் கூடாது, பிள்ளைங்களைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க.

சேலம்_செந்தில்

சேலத்துல தங்குறதா இருந்தா இங்க சொல்லுங்க. பாட்டிக்குப் படி ஏறாத, லிஃப்ட் இருக்கற இடமா பார்த்து வைக்கிறேன்.

திருவான்மியூர்_வித்யா

சேலம்தான் அண்ணா. தெப்பக்காடு விடுதிக்கு முன்பதிவு கிடைத்ததும் தேதியை இங்கேயே எழுதுகிறேன். சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி அன்றைக்கு நஞ்சன்கூடு, ஞாயிறு காலை 9 மணிக்கு மேல் பந்திப்பூர், மாலை யானை முகாம், திங்கள் காலை வனத்துறை வேன், செவ்வாய் சத்தி வழியாகச் சேலம், புதன் வீடு. கணவர் ஒரு நாள் கூடுதலாக லீவு கேட்டிருக்கிறார்.